நிலைமாற்றிக் கணக்கில் தடுமாறும் மகனுக்கு மின் துறை பொருந்துமா?

மதிப்பிற்குரிய அம்மா,

உயர்தரப் பௌதிகவியலில் நிலைமாற்றிக் (மின்னின் வோல்ற்றளவைக் கூட்டும் அல்லது குறைக்கும் கருவி, transformer) கணக்கையே பிழையாகச் செய்யும் பிள்ளையை மின் துறைக்கு அனுப்பலாமா என்று, வெள்ளவத்தையிலிருந்து மகனையும் அவருடைய கொப்பியையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டீர்கள். அந்தக் கொப்பியை ஆறுதலாகப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

சுருள்களின் சுற்று விகிதமே வோல்ற்றளவுகளின் விகிதம் என்பதைத் தம்பி சரியாகவே எழுதியிருக்கிறார். 11,000 வோல்ற்றை 400 வோல்ற்றாகக் குறைக்கும் மூன்று அவத்தை (three-phase) நிலைமாற்றிக்கு, ஒன்றை மற்றதால் வகுத்து 27.5 என்று விடை கண்டிருக்கிறார். அங்கேதான் சறுக்கல். அந்த 400 வோல்ற் இரு கம்பிகளுக்கு இடைப்பட்டது. மின் வெளியேறும் பக்கத்துத் துணைச்சுருள்கள் உடு வடிவில், அதாவது ஒவ்வொன்றின் ஒரு முனையும் ஒரே புள்ளியில் சேருமாறு, இணைந்திருப்பதால், ஒரு சுருளில் கிடைப்பது 400ஐ 3இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் ஏறக்குறைய 231 வோல்ற் மட்டுமே. மின் நுழையும் முதன்மைப் பக்கம் டெல்டா இணைப்பு, அதாவது ஒவ்வொரு சுருளும் இரு கம்பிகளுக்கு நேரடியாகக் குறுக்கே இணைந்தது, என்பதால் அங்கே ஒவ்வொரு சுருளுக்கும் முழு 11,000 வோல்ற்றும் கிடைக்கிறது. எனவே சுற்று விகிதம் 47.6 ஆகும். இதில் என் கண்ணில் பட்டது வேறொன்று: "வீட்டுக்கு 230 தானே வருகிறது?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்திருக்கிறார். மின் துறைக்கு வேண்டிய சந்தேகம் அதுதான்.

டிப்ளோமாவில் அடுத்து வருவது சுமை ஏறும்போது வோல்ற்றளவு இறங்கும் கணக்கு. தடையால் 1.2 வீதமும் தாக்குதிறனால் (reactance) 3.8 வீதமும் இழக்கும் நிலைமாற்றியில், ஓட்டம் வோல்ற்றளவுக்குப் பிந்தி, வலுக்காரணி (அவற்றுக்கு இடையிலான கோணத்தின் கோசைன்) 0.8 ஆகவும் அதே கோணத்தின் சைன் 0.6 ஆகவும் இருந்தால், முழுச் சுமையில் இறக்கம் 1.2 × 0.8 + 3.8 × 0.6, அதாவது ஏறக்குறைய 3.24 வீதம், 231 வோல்ற் 223.5 ஆகிவிடும். நம் நாட்டில் 230 வோல்ற்றுக்குக் கீழே 6 வீதம் வரை, அதாவது 216 வோல்ற் வரை, அனுமதி உண்டு என்பதால், வீதியில் நீளும் கம்பிக்கு எவ்வளவு மிச்சம் என்பதைத் தம்பியே கணிக்கட்டும்.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கைகூடாவிட்டாலும், தேசிய தொழிற்றகைமை (NVQ) 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா தரத்தவை. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். பதியுமுன் பாடநெறி எந்த மொழிமூலம் நடக்கிறது என்று கட்டாயம் விசாரியுங்கள்; தமிழ்மூலம் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் தவணையில் அதனாலேயே சோர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ரியூசன் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். இரு பக்கமும் உடு இணைப்பாக இருந்தால் விகிதம் மீண்டும் 27.5 ஆவது ஏன் என்பதைத் தம்பி எழுதிக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு வரட்டும். பென்சில் எழுத்தை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.