பழைய ஒயரிங், புது டவுன்லைட்: கேட்டவர்களுக்குப் பதில்

1962-ல் தாத்தா கட்டிய வீடு. மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய ஒயர். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் அடித்து, அதில் பதிக்கும் எட்டு எல்இடி டவுன்லைட் போட ஆசை. பழைய ஒயர் தாங்குமா அண்ணா?

லோடு என்று பார்த்தால் தாராளமாகத் தாங்கும். 12 வாட் வீதம் எட்டு லைட்டுக்கு 96 வாட். முன்பு அதே ஹாலில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு எரிந்திருந்தால் அதுவே 120 ஆகிவிடும்.

பயம் ஒயரின் தோலைப் பற்றித்தான். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஒயர் நுனியை லேசாக வளைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பர் ஒயராக இருந்தால் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளே உலோகக் கம்பி தெரியும். இத்தனை நாள் யாரும் தொடாததால் பிழைத்துக் கிடந்தது. லைட்டுக்காக அதை இழுத்து, வளைத்து, முறுக்கி டேப் சுற்றி, மேலே ஜிப்சம் போர்டை அடித்து மூடிவிட்டால், எலி கடித்தாலும் ஜாயிண்ட் கருகினாலும் கீழே இருப்பவருக்குத் தெரியாது. அதனால் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரைப் பைப்புக்குள் புதிதாக இழுங்கள், கூடவே எர்த்துக்குப் பச்சை ஒயரும். சீலிங் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகை இல்லை.

எங்கள் வீட்டு லைட் பாயிண்ட் எதிலும் எர்த் இல்லை. பரவாயில்லையா?

லைட்டின் டிரைவரில், அதாவது அதற்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டியில், சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை. குறி இல்லாத உலோக உடல் லைட் என்றால் எர்த் வேண்டும். நியூட்ரலிலிருந்து, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரிலிருந்து, எர்த் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், வேலையைக் கொடுக்காதீர்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் லைட் மங்கலாக மினுக்குகிறது சார்.

பழைய வீடுகளில் அடிக்கடி பார்ப்பது. சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரை வெட்டாமல் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். குண்டு பல்பு காலத்தில் இது வெளியே தெரியாது. எல்இடி துளி கரண்டுக்கே கண் சிமிட்டும். சுவிட்ச் அணைந்திருக்கும்போது லைட் முனையில் டெஸ்டர் எரிந்தால் அதுதான் காரணம். உடனே சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி ஏணியில் ஏறுபவருக்கு ஷாக் அடிக்கும். டெஸ்டர் எரியவில்லை என்றால், சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா பாருங்கள்; அதன் வழியே போகும் துளி கரண்டும் எல்இடியை மினுக்க வைக்கும்.

புது லைட்டைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது. லைட் மட்டமானதா?

லைட்டை ஏன் திட்டுகிறீர்கள்? போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று ஆர்சிசிபி கணக்குப் பார்க்கும்; சமமில்லை என்றால் சப்ளையை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச் அது. வீடுகளில் வழக்கமாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர், வித்தியாசம் அந்த அளவை எட்டினால் விழுந்துவிடும். புது லைட்டுக்கு, அந்த ஆர்சிசிபி வழியே வராத பக்கத்து அறை நியூட்ரலையோ இன்வெர்ட்டர் நியூட்ரலையோ கடன் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அல்லது நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. தொல்லை என்று ஆர்சிசிபியைக் கழற்றிவிடாதீர்கள்.

எங்கள் கூரை மெட்ராஸ் டெரஸ் ஒட்டு, மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கியது. தேக்கு உத்தரத்தில் துளை போட்டுப் பதிக்கலாமா?

கூடாது. மேலே ஒட்டும் சர்ஃபேஸ் லைட் வாங்குங்கள்.

சீலிங் ஆள் நாளைக் காலை வருகிறார். ஒயரிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

அவரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.