மென்பொருள் வேலையில் திருப்தியே இல்லை. இருப்பதா, விட்டுவிடுவதா?

கேட்டவர் ஓசூரில் தங்கி தினமும் பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறார். ஒரே நிறுவனத்தில் 4 ஆண்டு 5 மாதம். சம்பளத்தில் குறையில்லை, மேலாளரும் நல்லவர். ஆனாலும் திங்கட்கிழமை என்றாலே எழுந்திருக்க மனம் வரவில்லை, விட்டுவிடலாமா என்கிறார்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். 13 ஆண்டுகளாக இதே தொழில். ஒரு வேலையை விட்டிருக்கிறேன், இன்னொன்றை விடப்போய் விடாமல் இருந்திருக்கிறேன். விட்டது தப்பு, இருந்தது சரி என்று இப்போது தெரிகிறது. அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

முதலில் ஒன்று. "சம்பளம் வருது, மேனேஜர் திட்டறதில்ல, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். நீங்களும் உங்களையே கேட்டுக்கொண்டு குற்ற உணர்ச்சியில் இருப்பீர்கள். அது தேவையில்லை. 1950களின் கடைசியில் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்காரவைத்து, வேலை எப்போது பிடித்திருந்தது, எப்போது வெறுத்தது என்று கேட்டார். வெறுத்த நேரங்களைப் பற்றிப் பேசியவர்கள் நிர்வாகத்தின் விதிமுறை, மேலதிகாரி, சம்பளம், பணிச்சூழல் என்றார்கள். பிடித்த நேரங்களுக்குச் சொன்ன காரணங்கள் வேறு: ஒன்றைச் செய்து முடித்தது, அதை யாரோ மதித்தது, வேலையே சுவையாக இருந்தது, பொறுப்பு கையில் வந்தது. அதாவது குறை இல்லாமல் இருப்பது ஒன்று, நிறைவாக இருப்பது வேறொன்று. நல்லது நடந்தால் நம் திறமை, கெட்டது நடந்தால் அடுத்தவர் தப்பு என்று சொல்வது மனித இயல்புதானே என்று பின்னால் வந்தவர்கள் இந்த ஆய்வை மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் நிலைமை அதில் அப்படியே இருக்கிறது: குறை இல்லை, நிறைவும் இல்லை.

இது தெரியாமல்தான் நான் முதல் வேலையை விட்டேன். சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனம், 2 ஆண்டு 8 மாதம். ஊதிய உயர்வு குறைவாக வந்தது என்ற கோபத்தில் ஒரே வாரத்தில் முடிவெடுத்து, 40 சதவீதம் கூடுதல் சம்பளத்துக்கு பெங்களூரு வந்தேன். முதல் மூன்று மாதம் சந்தோஷம். ஆறாவது மாதம் அதே சலிப்பு. ஏனென்றால் வேலை அதேதான்: யாரோ எழுதிய பழைய நிரல், அதில் கோளாறு என்று யாரோ பதிந்த புகார் (டிக்கெட் என்போம்), அதை மூடினால் அடுத்த டிக்கெட். கட்டடத்தை மாற்றிவிட்டு வேலையை மாற்றிக்கொண்டதாக நினைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை ராஜினாமா கடிதமே எழுதிவைத்துவிட்டுத்தான் சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். அப்பா திண்ணையில் பால் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொசைட்டியில் ஊற்றும் பாலுக்கு காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை, கொழுப்பு எவ்வளவு என்று நாள் தவறாமல் குறித்துவைப்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு பக்கத்தைக் காட்டினார். போன ஐப்பசியில் ஒரு மாடு கறவை குறைந்துபோய், விற்றுவிடலாம் என்று தரகரிடம் பேசிவிட்டாராம். அப்புறம் நோட்டைப் பார்த்தால், தீவனத்தை மாற்றிய வாரத்திலிருந்துதான் பால் இறங்கியிருக்கிறது. "மாட்டு மேல தப்பே இல்லப்பா" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பேருந்து நிலையம் எதிரில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். தினமும் இரவு ஒரே வரி. இன்று எதில் நேரம் போனது, நானாக முடிவெடுத்த விஷயம் ஏதாவது உண்டா, செய்ததை யாராவது பயன்படுத்தியதைக் கண்ணால் பார்த்தேனா. இவ்வளவுதான். 30 வேலை நாள் எழுதினேன். எண்ணிப் பார்த்தால், புதிதாக நிரல் எழுதியது 4 நாள். நான் முழுக் கோபத்தையும் வைத்திருந்த மேலாளர் அந்த 30 வரியில் இரண்டே இடத்தில்தான் வந்தார். பயன்படுத்துகிறவரைப் பார்த்த நாள் ஒன்றுகூட இல்லை.

இதே கேள்விகளை ஹேக்மன், ஓல்டம் என்ற ஆய்வாளர்கள் 1970களிலேயே ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். பலவகைத் திறமைக்கு இடம் உண்டா, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்கிறோமா, அது யாருக்காவது பயன்படுகிறதா, சுதந்திரம் எவ்வளவு, செய்தது சரியா தப்பா என்று தெரியவருகிறதா என்று ஐந்து அம்சங்கள். கூகர், ஜவாக்கி என்ற இருவர் அந்தக் கேள்வித்தாளையே கணினித் துறையினரிடம் கொடுத்துப் பார்த்து 1980இல் வெளியிட்டார்கள். மற்ற தொழில்காரர்களைவிட இவர்களுக்கு வளர வேண்டும், புதிதாகக் கற்க வேண்டும் என்ற தேவை அதிகம் என்று வந்தது. நம் ஆட்களைப் பார்த்தால் இன்றும் அது உண்மை என்றே படுகிறது. கற்பது நின்றுபோனால் சம்பளம் ஏறினாலும் நமக்கு மூச்சு முட்டும்.

நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடமே போனேன். வேலை பிடிக்கவில்லை என்று மொட்டையாகச் சொல்லவில்லை. 30 நாளில் 4 நாள்தான் நிரல் எழுதுகிறேன், புதிதாக உருவாக்கும் குழுவுக்கு மாற்றுங்கள் என்றேன். நான்கு மாதம் ஆனது. ஆனால் மாற்றினார்கள். அங்கேயே இன்னும் ஐந்து ஆண்டு இருந்தேன்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. பாலக்கோட்டுத் தோழி ஒருத்தி, இரவுப்பணியில் உடம்பு கெட்டு, மூன்று முறை எழுத்தில் கேட்டும் ஷிப்டை மாற்றவில்லை. அவள் விட்டாள். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவில், சம்பளம் குறைவாகத்தான் வாங்குகிறாள். இராத்திரி தூங்குகிறாள். உடம்பைக் கெடுக்கும் வேலைக்கு நோட்டெல்லாம் வேண்டாம், உடனே விட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அப்புறம் இன்னொரு கணக்கு. நம்மைக் கட்டிவைப்பது வேலை மட்டும் இல்லை. 2001இல் மிட்செல், லீ முதலிய ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள்: ஊரில் உள்ள உறவுகள், அந்த வாழ்க்கை நமக்குப் பொருந்துவது, விட்டால் இழக்கப்போவது, இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவரை வேலையில் நிறுத்துகின்றன. ஓசூரில் இருந்தால் வெள்ளி இரவு ஊருக்கு வந்துவிடலாம், மாங்காய் பறிப்பு நேரத்தில் தோப்பில் நிற்கலாம். ஹைதராபாத்தில் இரண்டு மடங்கு கொடுத்தாலும் அது கிடைக்காது. இதை பலவீனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் பணத்தையும் பார்க்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு முடிந்தால்தான் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 40,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 5 ஆண்டுக்குப் போட்டால் சுமார் 1,15,000 ரூபாய். 4 ஆண்டும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு, ஆனால் எல்லா நிறுவனமும் அதை ஏற்பதில்லை. உங்களுக்கு இன்னும் 7 மாதம்தான். நோட்டீஸ் காலத்தில் வேலை செய்கிற நாட்களும் பணிக்காலத்தில் சேரும். வருங்கால வைப்புநிதியை எடுக்காமல் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரி வரும்.

ஆக உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆறு வாரம் எழுதுங்கள், பிறகு குழு மாற்றம் கேளுங்கள், இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் பதில் வரவில்லையென்றால் கடைசி நாள் 5 ஆண்டைத் தாண்டி வருகிற மாதிரி கடிதம் கொடுங்கள். 30 நாள் ஆனதும் உங்கள் எண்ணிக்கை என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், கட்டாயம் படித்துப் பதில் சொல்கிறேன்.