தாத்தாவோட ஊரை டிஎன்ஏ கிட் கண்டுபிடிச்சுக் குடுக்குமா?

கேள்வி: வணக்கம்க்கா. எங்க தாத்தா 1937-ல நாகப்பட்டணத்துல ராஜூலா கப்பல் ஏறி பினாங்குல எறங்கினவரு, அப்புறம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டினாரு. தஞ்சாவூர் பக்கம்னு மட்டும் சொல்வாராம், கிராமம் பேரு யாருக்கும் தெரியல. அப்பா போயிட்டாரு, அத்தை இருக்காங்க, வயசு 78. வீட்டுலயே எச்சில் எடுத்து அனுப்புற டிஎன்ஏ கிட் வாங்கலாம்னு பாக்குறேன். காசு குடுத்தா ஊரு தெரியுமா? அப்பாவும் அம்மாவும் சொந்தத்துலதான் கட்டினாங்க, அதனால பிரச்சனை வருமா?

பதில்: வணக்கம் தங்கச்சி. ஊரு பேரு அந்த கிட்ல வராது, அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா அந்த ஆசையிலதான் நானும் வாங்கினேன். அவங்க குடுக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு, இத்தனை பர்சென்ட் தென்னிந்தியான்னு ஒரு மேப். அது உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான், அதுவும் கம்பெனிக்கு கம்பெனி மாறும். 2019-ல கனடா சிபிசி டிவில ஒரே மாதிரி இருக்குற இரட்டை அக்கா தங்கச்சிய அஞ்சு கம்பெனில டெஸ்ட் பண்ண வச்சாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே ரிசல்ட் வரல. அந்த பர்சென்டுக்காக காசு போடாதீங்க.

ரெண்டாவது, சொந்தக்காரங்க லிஸ்ட். காசுக்கு உண்டான பலன் இதுலதான். ஆனா அந்தப் பக்கத்து ஆளும் அதே கம்பெனில டெஸ்ட் பண்ணியிருந்தாதான் பேரு வரும், தஞ்சாவூர் கிராமத்துல இருக்குற உங்க பங்காளி யாரு போய் எச்சில் துப்பியிருக்கப் போறாங்க சொல்லுங்க. அமெரிக்கா, லண்டன் போய் செட்டிலான பேரப்பிள்ளைங்க வரலாம், இல்லன்னா தென்னாப்பிரிக்கா டர்பன், மொரிஷியஸ்னு நம்மள மாதிரியே கப்பல் ஏறினவங்க வம்சம் வரலாம். டர்பன் ஆளு வந்தா விடாதீங்க. 1860-லேருந்து 1911 வரைக்கும் டர்பன் இருக்குற நேட்டால் பக்கம் போன ஒப்பந்தக் கூலிங்களோட கப்பல் லிஸ்ட்ல பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, கிராமம், ஜில்லா வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க, அவங்க வீட்டு ஊரு தெரிஞ்சா உங்க ஊருக்கும் ஒரு வழி கெடைக்கும்.

வாங்குறதா இருந்தா உங்களுக்கு வாங்காதீங்க, அத்தைக்கு வாங்குங்க. தாத்தா டிஎன்ஏல பாதி அத்தைகிட்ட இருக்கு, உங்ககிட்ட வரும்போது அது கால்வாசிதான். ஊர்ல இருக்குற தாத்தாவோட அண்ணன் தம்பி புள்ளைங்க அத்தைக்கு பெரியப்பா சித்தப்பா புள்ளைங்க, சுமாரா 12.5 பர்சென்ட் ஒத்துப்போகும். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைங்களோட உங்களுக்கு 3 பர்சென்ட் சொச்சம்தான். சொந்தத்துல கட்டினதைக் கேட்டீங்கல்ல, அது நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு உள்ள விஷயம். மாமன் மக அத்தை மகன்னு தலைமுறை தலைமுறையா கட்டினதால ரெண்டு மூணு வழில ஒரே டிஎன்ஏ வந்து சேந்துடும், ரொம்ப தூரத்துச் சொந்தத்தைக் கூட கிட்டத்துச் சொந்தம்னு காட்டும், அதனால லிஸ்ட்ல போட்டிருக்குற உறவை அப்படியே நம்பாதீங்க.

எங்கப்பாவுக்கு எடுத்தப்ப அவருக்கு 74 வயசு. அரை மணி நேரம் முன்னாடியே சாப்பாடு, தண்ணி, வெத்தலை எதுவும் கூடாது. டியூப்ல ஒரு கோடு இருக்கும், எச்சில் அது வரைக்கும் வரணும், நுரை கணக்குல வராது. வாய் காஞ்சு போய் இருபது நிமிஷம் உக்காந்திருந்தாரு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அத்தைக்கு கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சி தேய்ச்சு எடுக்குற கிட் நல்லது, மைஹெரிட்டேஜ், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ ரெண்டும் அப்படித்தான்.

விலை 99 டாலர்னு போட்டிருந்தா காத்திருங்க, நவம்பர் கடைசி சேல்ல பாதிக்கும் கீழ எறங்கும். மலேசியா அட்ரஸ் போட்டு செக்அவுட் வரைக்கும் போய் போஸ்டேஜையும் சேத்துப் பாருங்க, திருப்பி அனுப்புற செலவு யாருதுன்னும் பாருங்க. பழைய கிட்டை வேற யார்கிட்டயும் வாங்க வேணாம், கிட்ல இருக்குற கோட் நம்பர் ஒரு தடவை ரெஜிஸ்டர் ஆனா அவ்வளவுதான். சொந்தக்காரங்களோட குடும்ப மரத்தைத் திறக்க தனி சந்தா கேப்பாங்க, ஃப்ரீ டிரையல்னு கார்டு நம்பர் குடுத்தீங்கன்னா கேன்சல் தேதியை ஃபோன்ல குறிச்சு வைங்க. நான் குறிக்கல, ஒரு வருஷக் காசு மொத்தமா போச்சு, கேட்டதுக்கு திருப்பித் தர முடியாதுன்னுட்டாங்க.

இன்னொண்ணு, அத்தைகிட்ட வெளக்கமா சொல்லிட்டு எடுங்க. 23அண்ட்மீங்கற டிஎன்ஏ கம்பெனில 2023-ல சுமார் 69 லட்சம் பேரோட விவரம் திருடு போச்சு, 2025 மார்ச்ல அந்த கம்பெனி திவால் மனு குடுத்து அப்புறம் கை மாறிடுச்சு. பாஸ்வேர்டை மாத்திக்கலாம், டிஎன்ஏவை மாத்த முடியாது. யாரும் சொல்லாம வச்சிருந்த ஒரு புள்ளை பேரு கூட லிஸ்ட்ல வரலாம், வந்தா அதைத் தாங்கிக்கப் போறது அத்தைதான்.

கிட் வாங்குறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட குலதெய்வம் பேரைக் கேளுங்க. முனீஸ்வரன்னு மட்டும் சொன்னா போதாது, எந்த முனி, எந்த ஆத்தங்கரை, கூட யாரு யாருக்குப் படையல்னு கேளுங்க, அந்தக் கோயில் எந்த ஊருன்னு தேட அது உதவும். அப்புறம் தாத்தாவோட தகரப் பெட்டி இருந்தா மணியார்டர் ரசீது, ஊர்லேருந்து வந்த கடுதாசி எல்லாம் தேடுங்க. கவர்ல தபாலாபீஸ் முத்திரை மங்கிப் போயிருந்தா ஃபோன் லைட்டை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க, கண்ணுக்குத் தெரியாத எழுத்து கூட அப்ப சில சமயம் தெரியலாம்.