'பூ' ராமு யார்? பெயருக்கு முன் 'பூ' எப்படி வந்தது?

அது அவருடைய முதல் அடையாளம் தந்த படத்தின் பெயர். 2008இல் சசி இயக்கிய 'பூ'வில் பேனாக்காரர் என்ற பாத்திரத்தில் நடித்தார். அதற்கு முன்பே அவர் வீதி நாடகக் கலைஞர். மைக் இல்லாத தெருமுனையில் கூட்டத்தை நிறுத்தி வைக்கும் குரல் அங்கே பழகியதுதான் என்று நினைக்கிறேன்.

'நீர்ப்பறவை', 'தங்க மீன்கள்', 'கர்ணன்' என்று பல படங்கள். எனக்கு மறக்க முடியாதது 'பரியேறும் பெருமாள்' (2018) கல்லூரி முதல்வர். அறையில் நாயகனான மாணவன் பரியனை நிறுத்தி, தான் பட்ட அவமானத்தைச் சொல்லிப் படிக்கச் சொல்வார். அழுகையே இல்லாமல் நம் தொண்டை அடைத்துவிடும். 'சூரரைப் போற்று'வில் ஊருக்காக மனு எழுதும் நாயகனின் தந்தையும் அவரே. சில நிமிடக் காட்சிகள்தான், ஆனால் முழு மனிதர் தெரிவார். 2022 ஜூன் 27 அன்று மாரடைப்பால் காலமானார்.