பிட்சர் பிளான்ட்டுக்கு என்ன கலவை போடுறது? உங்க கேள்விகளுக்கு பதில்

கலவை பத்தி நிறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க, அதனால எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து பதில் சொல்லிடறேன். நான் சொல்றது நெபந்தஸ், அதாவது கொடியில குடுவை தொங்குற ரகத்துக்கு மட்டும். வீனஸ் ஃப்ளைட்ராப், சாரசீனியா மாதிரி வேற பூச்சி பிடிக்கிற செடி வெச்சிருக்கவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க, அதுங்களோட பழக்கமே வேற.

தோட்டத்து மண்ணுல கொஞ்சம் மண்புழு உரம் கலந்து வெக்கலாமா?

வேண்டாம், ப்ளீஸ். இந்த செடி சத்தே இல்லாத மண்ணுல வளர்ந்து பழகினது, அதனாலதான் பூச்சி பிடிக்க குடுவையே வந்துச்சு. நைட்ரஜன்ல பெரும்பங்கு குடுவை வழியா போகுது, வேருக்கு முக்கியமான வேலை தண்ணி எடுக்கறதும் செடியை பிடிச்சு நிக்கறதும்தான். மண்ணுல இருக்கற உப்பும் உரமும் அந்த மெல்லிசு வேரை கருக்கிடும், போதாததுக்கு மண்ணு இறுகிட்டா காத்தும் போகாது. கடைல விக்கிற ரெடிமேட் பாட்டிங் மிக்ஸும் இதே கதைதான், அதுல பெரும்பாலும் சுண்ணாம்பும் உரமும் சேர்த்திருப்பாங்க.

கோகோபீட் மட்டும் போட்டா போதாதா? பீட் மாஸும் அதுவும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. பீட் மாஸ்ங்கறது சதுப்பு நிலத்துல ஸ்பேக்னம் பாசி பல நூறு, ஆயிரம் வருஷமா மக்கி படிஞ்சது, நல்ல அமிலத்தன்மை, பிஹெச் 4 பக்கத்துல இருக்கும். கோகோபீட் தேங்கா மட்டையோட தூள். அதோட பிஹெச் 6 பக்கத்துல, அது கூட பரவால்ல, பிரச்சனை என்னன்னா உப்பு. மட்டைலயே பொட்டாசியமும் சோடியமும் இருக்கு, சில இடத்துல மட்டையை உப்புத்தண்ணில ஊற வேற வெப்பாங்க. பை மேல 'கழுவினது'ன்னு போட்டிருந்தாலும் நான் நம்பறதில்ல.

தண்ணில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, இந்த ஹாபில அதைவிட உபயோகமான சாமான் கிடையாது. ஆர்ஓ தண்ணில ஒரு கைப்பிடி கோகோபீட்டை ஒரு மணி நேரம் ஊற வெச்சு பிழிஞ்சு அந்த தண்ணியை அளந்து பாருங்க. 50 பிபிஎம்முக்கு கீழ வர வரைக்கும் தண்ணி மாத்தி மாத்தி அலசணும், சில சமயம் நாலஞ்சு தடவை ஆகும். நான் ஆரம்பத்துல அலசாம போட்டு ரெண்டு செடி போச்சு, முதல்ல இலை நுனி கருகுச்சு, அப்புறம் புதுசா வந்த இலைல குடுவையே வரல, நான் ஏதோ வெயில் ஜாஸ்தின்னு நெனச்சு நிழலுக்கு மாத்திட்டே இருந்தேன்.

அலசினதுக்கு அப்புறமும் தூளா மட்டும் போடாதீங்க, சேறு மாதிரி ஆயிடும். மட்டையை சின்ன சின்ன துண்டா வெட்டின சிப்ஸ் இருக்கே, அது எவ்வளவோ மேல், துண்டுக்கு நடுவுல காத்து போகும். அதையும் இதே மாதிரி அலசணும்.

மாஸ், பெர்லைட் என்ன ரேஷியோ? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கு ஒண்ணு சொல்றதுக்கு காரணம் ஆளுக்கு ஒரு இடம், ஆளுக்கு ஒரு கை. ஒருத்தர் தினமும் தண்ணி ஊத்துவாரு, இன்னொருத்தர் வாரத்துக்கு ரெண்டு தடவைதான். முதல் ஆளுக்கு காத்தோட்டமான கலவை வேணும், ரெண்டாவது ஆளுக்கு ஈரம் பிடிக்கிற கலவை வேணும். அதனால ரேஷியோ கேக்கறதுக்கு முன்னாடி உங்க பாட் காய எத்தனை நாள் ஆகுதுன்னு பாருங்க.

ஆரம்பிக்க ஒரு கணக்கு வேணும்னா, நீள நார் ஸ்பேக்னம் மாஸ் (மக்காத காஞ்ச பாசி, மேல சொன்ன பீட் மாஸ் இல்ல) பாதி, மீதி பாதில பெரிய சைஸ் பெர்லைட்டும் (எரிமலைக் கல்லை சூடாக்கி பொரிச்ச லேசான வெள்ளை துண்டு) ஆர்க்கிட் பார்க்கும் (மரப்பட்டை துண்டு). ரெண்டு நாள் கழிச்சும் பாட் கனமா இருந்துச்சுன்னா மாஸை குறைங்க, ஒரே நாள்ல லேசாயிட்டா கூட்டுங்க. காஞ்ச மாஸ் தன் எடையை போல 15, 20 மடங்கு தண்ணி பிடிக்கும், அதனால அமுக்கி அமுக்கி திணிச்சீங்கன்னா எந்த ரேஷியோவும் உதவாது. ஊற வெச்சு லேசா பிழிஞ்சு உதிரியா போடுங்க. மேல இருந்து தண்ணி ஊத்தினா கொஞ்ச நேரத்துல அடில இறங்கணும், அதுதான் டெஸ்ட்.

பெர்லைட்டை கலக்கறதுக்கு முன்னாடி நனைச்சுக்கோங்க, அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸை தொடும்போது கிளவுஸ் போடுங்க, அதுல இருக்கற ஒரு பூஞ்சை கைல கீறல் வழியா உள்ள போனா ஸ்போரோட்ரைக்கோசிஸ்னு தோல் வியாதி வரும். அபூர்வம்தான், ஆனா கிளவுஸ் போடறதுல என்ன கஷ்டம்.

பெர்லைட் கிடைக்கலன்னா பியூமிஸ், அதாவது நுரைக்கல் போடலாம், தண்ணி ஊத்தும்போது மேல மிதந்து வராது, எனக்கு அதுதான் பிடிக்கும். வெர்மிகுலைட் (சூடாக்கி விரிய வெச்ச மைக்கா மாதிரி தாது) வேண்டாம், அது தண்ணியையும் தாதுவையும் பிடிச்சு வெச்சுக்கும், நாளாக நசுங்கி கூழா போயிடும்.

ரீபாட் பண்றப்போ பாத்தா வேரெல்லாம் கருப்பா இருக்கு. அழுகிடுச்சா?

இல்லீங்க, நெபந்தஸ் வேர் கலரே கருப்புதான்! தயவு செஞ்சு வெட்டிடாதீங்க, இந்த பயத்துல நல்ல வேரை எல்லாம் வெட்டி செடியை இழந்தவங்க இருக்காங்க. லேசா தொட்டு பாருங்க, கெட்டியா கம்பி மாதிரி இருந்தா நல்ல வேர். கொழகொழன்னு உரிஞ்சு வந்து நாத்தம் அடிச்சாத்தான் அழுகல்.

தட்டுல தண்ணி தேக்கி வெக்கலாமா?

தேக்காதீங்க. சாரசீனியாக்கு சரி, இதுக்கு வேர் மூச்சு முட்டிடும்.

மலை ரகத்துக்கும் சமவெளி ரகத்துக்கும் வேற வேற கலவையா?

கலவை பெருசா மாறாது, மாறறது வெப்பம்தான். மலை ரகத்துக்கு ராத்திரி குளிர்ச்சி வேணும், வேரும் சூடாகக்கூடாது, அதனால காத்தோட்டம் கூட வெச்சு வெளிர் நிற பாட்ல போடுங்க. ஆம்புல்லேரியா மாதிரி சதுப்புக் காட்டு ரகம் கொஞ்சம் கூடுதல் ஈரம் தாங்கும். விதிவிலக்கும் இருக்கு, போர்னியோல நார்தியானாங்கற ரகம் சுண்ணாம்பு பாறைல வளருது, ராஜாங்கற ரகம் கினபாலு மலைல செர்பென்டைன்ங்கற பாறை மண்ணுல வளருது. அதை படிச்சுட்டு கலவைல சுண்ணாம்புக்கல் போடலாமான்னு கேக்கறாங்க, அவசியமே இல்ல, நார்தியானாவையே நிறைய பேரு சாதாரண கலவைல நல்லா வளர்க்கறாங்க. முதல் செடின்னா வென்ட்ராட்டாங்கற கலப்பின நெபந்தஸ் வாங்குங்க, கலவைல சின்ன தப்பு நடந்தாலும் தாங்கும்.

அடுப்புக்கரி போடலாமா?

வெறும் மரக்கரின்னா உடைச்சு கழுவி கொஞ்சம் போடலாம். அச்சுல அழுத்தின பார்பிக்யூ கரி கூடாது, அதுல பைண்டர் கலந்திருப்பாங்க.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை கலவை மாத்தணும்?

மாஸ் கலவைன்னா ஒண்ணுல இருந்து ரெண்டு வருஷம். அதுக்கு முன்னாடியே மாஸ் பழுப்பா கூழாகி பாட்ல மட்டம் இறங்கிடுச்சு, புளிச்ச வாடை வருதுன்னா காத்திருக்காதீங்க. மேல பச்சையா பாசி படர்ந்துச்சுங்கறதுக்காக மட்டும் கலவையை மாத்த வேண்டாம், அந்த மேல் அடுக்கை எடுத்துட்டு புதுசு போட்டா போதும். மாத்தும்போது வேரை சுத்தமா உதறி எடுக்க பாக்காதீங்க, பொசுக்குன்னு உடைஞ்சிடும், ஒட்டிட்டிருக்கற பழைய மாஸோடவே புது கலவைல இறக்கிடுங்க. அடுத்த சில வாரம் குடுவை ரெண்டு மூணு காயும், புது குடுவை வர நாளாகும், அந்த நேரத்துல ஈரக்காத்து இருக்கற இடத்துல நிழலா வெச்சுடுங்க, உரம் மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க.