ஆதரவு விலை ஏறுகிறது, கையில் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஆண்டுதோறும் நெல்லுக்கு ஆதரவு விலையை ஏற்றுகிறார்களே, பிறகும் எங்களுக்கு ஏன் மிஞ்சுவதில்லை?
– குத்தகை விவசாயி, மன்னார்குடி

பதில்: நீங்கள் 'குத்தகை விவசாயி' என்பதே பாதி பதில்; வருவதில் நிலத்துக்காரருக்கும் கொடுக்க வேண்டுமே. 2025-26-க்குச் சாதா நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,369. உற்பத்திச் செலவு ரூ.1,579, அதன் மேல் 50 சதவீதம் என்பது மத்திய அரசின் கணக்கு. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்ந்த 'சி2' செலவின் மேல் 50 சதவீதம் கொடுங்கள் என்றுதான் விவசாய சங்கங்கள் கேட்கின்றன, அது இன்னும் கிடைக்கவில்லை. கணக்கிடுவது பல மாநிலங்களின் சராசரிச் செலவு. உங்கள் ஊர் நடவுக் கூலிக்கும் அறுவடை இயந்திர வாடகைக்கும் அது ஈடாகுமா என்ன? அதே ஆண்டுக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகை சேர்த்து ரூ.2,500 என்று அறிவித்தது, சரி. ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், மழையில் குவித்த நெல்லோடு காத்திருக்க வேண்டும், அவசரப் பணத்துக்கு வியாபாரியிடம் குறைத்துத் தள்ளிவிட வேண்டும். இங்கேதான் நிறையப் போகிறது.

உங்கள் கையில் இருப்பது செலவு மட்டும். நேரடி விதைப்பில் நாற்றங்கால், நடவுக் கூலி மிச்சம். களைதான் தொல்லை, முதல் மாதம் அசந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் களையெடுப்புக்கே போய்விடும்.