ஜெய்சல்மர் போகும் கடலூர் கார்: நடுவழியில் கொதிக்காமல் இருக்க

கேள்வி: 2016-ல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். மே இரண்டாம் வாரம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ராஜஸ்தானில் ஜெய்சல்மர் போய், அங்கிருந்து பார்மர் வழியாக இறங்கி, குஜராத்தில் கட்ச் ரண் என்ற உப்புப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு, மாண்ட்வி கடற்கரையில் இரண்டு நாள் தங்க ஆசை. ஆளில்லாத இடத்தில் வண்டி கொதித்து நின்றுவிடுமோ என்பதுதான் பயம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் ஹீட்டே ஆகாது என்கிறார் எங்கள் மெக்கானிக். டயருக்கு நைட்ரஜன் அடிக்கச் சொல்கிறார்கள். பாண்டியில் ஒரு டிராவல்ஸ்காரர், "உங்க வண்டி தாங்காது, என் எஸ்.யூ.வி.யை வாடகைக்கு எடுத்துக்குங்க, பார்டர் பர்மிட்டும் நானே வாங்கித் தர்றேன்" என்கிறார். என்ன செய்யலாம்?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: உங்கள் வண்டி தாங்கும். தெர்மோஸ்டாட்டில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். அந்த எஸ்.யூ.வி. வேண்டவே வேண்டாம்.

முதலில் உங்கள் பயம். பாலைவனம் வண்டியைப் புதிதாக எதுவும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டிருப்பதை அங்கே வெளியே கொண்டுவந்துவிடும், அவ்வளவுதான். கடலோரத்தில் நிற்கும் காருக்கு அப்படிக் கெட்டிருக்கும் இடம் பெரும்பாலும் ரேடியேட்டர். உப்புக் காற்று அதன் அலுமினியத் தகடுகளைக் கீழ்ப்பக்கத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும். முன்னால் ஏ.சி. கண்டென்சர் மறைத்துக்கொண்டிருப்பதால் முன்பக்கமாகப் பார்த்தால் தெரியாது. போனட்டைத் திறந்து, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துக் கீழ் மூலைகளைப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். தகட்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் வெள்ளை மாவாக உதிர்கிறதா? அப்படியானால் அந்தப் பகுதி சூட்டை வெளியேற்றுவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

அப்படியிருந்தும் இங்கே ஏன் ஹீட் ஆகவில்லை? கணக்கு எளிது. இன்ஜின் தண்ணீர் 95 டிகிரி, வெளிக்காற்று 35 டிகிரி என்றால் இடைவெளி 60. ரேடியேட்டர் வேலை செய்வது இந்த இடைவெளியை வைத்துத்தான். காற்று 47 டிகிரி ஆனால் இடைவெளி 48 ஆகிவிடும். அதாவது நல்ல ரேடியேட்டருக்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடுகிறது. பிகானேரிலிருந்து ஜெய்சல்மர் போகும் பாதையில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. கால்வாசி அரித்துப்போன ரேடியேட்டர் கடலூர் டு பாண்டி ஓட்டத்துக்குப் போதும். ஐந்து பேர், முழு டிக்கி, முழு ஏ.சி. என்று பார்மர் ரோட்டில் போகும்போதுதான் பல்லைக் காட்டும். மாவு உதிர்ந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஒட்டு, பசை, "லீக் ஸ்டாப்" பவுடர் எல்லாம் வேண்டாம். அந்தப் பவுடர் ஓட்டையை அடைக்கிற அதே சுறுசுறுப்போடு ஹீட்டர் காயிலையும் அடைக்கும்.

அடுத்தது ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர், அதாவது கூலன்ட். சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். "கூலன்ட் டாப்-அப்" என்று வருஷா வருஷம் இருக்கும், "மாற்றப்பட்டது" என்று ஒருமுறைகூட இருக்காது. பில் போடத் தெரிந்தவர்களுக்கு, பழையதை இறக்கிவிடும் டிரெய்ன் பிளக் எங்கே இருக்கிறதென்று தெரியாது போலிருக்கிறது. போதாததற்கு, வழியில் எங்கோ ஒருவர் போர் தண்ணீரை ஊற்றியிருப்பார். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போனால் குழாய்ச் சுவரில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

செய்ய வேண்டியது இது: பழையதை முழுக்க இறக்கிவிட்டு, வெளியே வருவது தெளியும்வரை டிஸ்டில்ட் வாட்டரால் அலசச் சொல்லுங்கள். பிறகு கூலன்ட் கான்சன்ட்ரேட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. சிறிய பெட்ரோல் காருக்கு மொத்தம் நான்கைந்து லிட்டர் பிடிக்கும், சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். "ரெடி மிக்ஸ்" என்று எழுதிய கேனில் தண்ணீர் கலக்கக் கூடாது. பச்சை இருக்கும் வண்டியில் சிவப்பை ஊற்றாதீர்கள். இரு வகை ஒன்றோடொன்று சேராமல் கூழாகித் திரிய வாய்ப்புண்டு. லேபிள் இல்லாத கேனிலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்ற வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். சீல் உடைக்காத கேன் உங்கள் கண்முன்னால் திறக்கப்பட வேண்டும். நிரப்பிய பின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று உள்ளேயே தங்கிவிட்டால் புதுக் கூலன்ட் ஊற்றியும் வண்டி கொதிக்கும்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். மலிவான பொருள்தான், ஆனால் அதன் ரப்பர் தளர்ந்தால் செலவு பெரிது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாக 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் 125-ஐத் தாண்டும்வரை கொதிக்காது. மூடி மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும் எண் அந்த அழுத்தம். பழையதில் இருந்த எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றிருந்தாலும், மொறுமொறுவென்று வெடித்திருந்தாலும் புதியது போடுங்கள். ஃபேன் பெல்ட்டுக்கும் இதே விதி. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு இதையெல்லாம் முடித்துவிட்டால், எங்காவது கசிந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

இனி தெர்மோஸ்டாட். 82 முதல் 90 டிகிரிக்குள் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் சின்ன வால்வு அது. கார்புரேட்டர் காலத்தில் அது அடைத்துக்கொண்டால் கழற்றிப் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தை இன்றைய வண்டியில் காட்டினால், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், ஆயில் கெடும். பழுதான ரேடியேட்டரை மறைக்க இது சுலபமான வழி. அதனால்தான் சில பட்டறைகளில் இதை முதலில் சொல்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் புது தெர்மோஸ்டாட் போடச் சொல்லுங்கள், இல்லாமல் ஓட்டாதீர்கள்.

உங்கள் வண்டியில் சூட்டைக் காட்டும் முள் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் இருக்கலாம். அது எரியும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கோளாறுகளைப் படிக்கும் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும்; அதில் செருகும் புளூடூத் ரீடர் ஒன்று வாங்கி, செல்போனில் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். 85 முதல் 100 வரை ஏறி இறங்கினால் சரி. 108-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள், ஓரம் கட்டுங்கள். அந்த வெயிலில் ஹீட்டரா என்று வீட்டில் திட்டு விழும். பரவாயில்லை, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கூலன்ட் கொட்டிவிட்டது தெரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டியவர்களின் சிலிண்டர் ஹெட் லேத் பட்டறையில் கிடக்கும். இன்னொன்று: அதிகச் சூட்டில் ஓட்டி இன்ஜின் போனால் சாதாரண இன்சூரன்ஸ் தராது. விபத்துக்குத்தான் பணம்.

டயர். சொந்தக் காருக்கு 15 வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனை கிடையாது. புகைச் சான்று கேட்பார்கள், ஹெல்மெட் பிடிப்பார்கள், ஏழு வருஷ டயரில் ஒருவர் 120-ல் போவதை நிறுத்திக் கேட்க இந்த நாட்டில் ஒரு அதிகாரி இல்லை. நீங்களே பாருங்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஐந்து வருஷம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும், இந்தப் பயணத்துக்கு வேண்டாம். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், அது வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும்.

நைட்ரஜன் விஷயத்தில் ஒரே வரி: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுக்க வேண்டாம். டயரை வெடிக்க வைப்பது பெரும்பாலும் காற்றின் வகையல்ல, குறைவான காற்று. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், அந்த மடிப்பில் சூடு ஏறி ரப்பர் கம்பியை விட்டுப் பிரியும். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் "முழு லோடு" என்று தனி அளவு இருக்கும். ஐந்து பேருக்கும் மூட்டைக்கும் அதுதான். விடியற்காலை, வண்டி எடுக்கும் முன்பு, சொந்தக் கேஜில் பாருங்கள். காலையில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருந்தது மதியம் 38, 39 காட்டும். அது இயல்பு. "சூட்டுல காத்து ஏறிடுச்சு, இறக்கி விடுங்க" என்பார் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் தம்பி. இறக்காதீர்கள், ஆறியதும் குறைவாகிவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மணல். தார் ரோட்டை விட்டு மணலில் இறங்கி டயர் புதைந்தால், காற்றை இறக்கத்தான் வேண்டும். 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். டயர் தட்டையாகி அகலமாக மணலில் உட்காரும், அதனால் பிடிக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துச் சுற்றவிட்டால் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் ஒதுக்கி, கால் மிதியடிகளைக் குப்புறப் போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். வெளியே வந்த பிறகும் அந்தக் காற்றில் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள், ஸ்டியரிங்கைப் பட்டென்று ஒடிக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறும் முன்பு மறுபடி முழுக் காற்று. எதில் அடிப்பீர்கள்? அதற்குத்தான் 12 வோல்ட் ஏர் பம்ப். பம்ப் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது. 18-ஐ வைத்துக்கொண்டு பங்க் தேடி 40 கி.மீ. ஓட்டினால் நான்கு டயரும் போச்சு. ஜெய்சல்மர் பக்கத்தில் உள்ள சாம் மணல்மேட்டில் "சார், கார் போகும், என் பின்னாடி வாங்க" என்று ஜீப்காரர் கூப்பிட்டால் போகாதீர்கள். புதைந்த காரை இழுக்கவும் அதே ஜீப்தான் வரும், விலையை அவர் சொல்வார்.

வழி. கடலூரிலிருந்து பெங்களூரு, புனே, அகமதாபாத் என்று ஜெய்சல்மர் ஏறத்தாழ 2,300 கி.மீ. அங்கிருந்து பார்மர் 155 கி.மீ. பிறகு அதே 68-ம் எண் நெடுஞ்சாலையில் சாஞ்சோர் வழியாகக் குஜராத்துக்குள் போய், பூஜ், பூஜிலிருந்து மாண்ட்வி 60 கி.மீ. பாலைவனப் பகுதி முழுவதையும் விடிந்ததிலிருந்து காலை 11-க்குள் ஓட்டுங்கள். அங்கே சூரியன் நமக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான் மறையும். மதியம் 2 முதல் 5 வரைதான் உச்சம். இரவில் ஓட்டவே வேண்டாம், காரணம் ஒட்டகம். கால் உயரமானதால் பம்பர் காலைத்தான் அடிக்கும், முழு உடம்பும் கண்ணாடி வழியாக உள்ளே வரும்.

புழுதிப் புயல் வந்தால் ரோட்டை விட்டு நன்றாக இறங்கி நின்று, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதை ரோடு என்று நம்பி நேராக உங்கள் மேல் வருவார்.

பெட்ரோல்: பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள். கேனில் எடுத்துப் போகாதீர்கள், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அது வெடிகுண்டு. ராஜஸ்தானில் விலை அதிகம், குஜராத்தின் கடைசி பங்க்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாண்டியில் போய் நிரப்பி வரும் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெய்சல்மரிலிருந்து எல்லையருகே உள்ள தனோட் கோயிலுக்குப் போவதாக இருந்தால் வழியில் ராம்கட்டில் நிரப்பிவிடுங்கள். குடிக்க ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர், வண்டிக்குத் தனியாக ஐந்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர். அம்மாவுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

இப்போது அந்த டிராவல்ஸ்காரர். எஸ்.யூ.வி.யின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நீங்களே ஓட்ட வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு விட்டதே சட்டத்துக்குப் புறம்பு. விபத்து என்று வந்தால் வாடகைக்கு விட்டதைக் காட்டியே இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார், உரிமையாளர் உங்களைத் தெரியாது என்பார். "ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க" என்று சொல்லியே சாவியைக் கொடுப்பார்கள். பாண்டியில் பட்டப்பகலில் நடக்கிற வியாபாரம் இது, கண்டுகொள்ள வேண்டியவர்கள் கண்டுகொள்வதில்லை.

பர்மிட்டும் அப்படித்தான். தனோட் கோயில்வரை இந்தியர்களுக்கு எந்த பர்மிட்டும் தேவையில்லை. அதைத் தாண்டி எல்லைக்குப் போகத்தான் எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். கட்ச் ரணின் உப்புப் பகுதியான வெள்ளை ரணுக்கான சீட்டை பிரண்டியாரா சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டி நீங்களே வாங்கலாம்.

ரணில் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். மேலே உப்புப் பொருக்கு காய்ந்து கல் மாதிரி இருக்கும், கீழே சேறு. பொருக்கு உடைந்தால் அச்சுவரை இறங்கும், அங்கே ஏர் பம்ப் உதவாது.

பயணத்தை ஜூனுக்குத் தள்ளாதீர்கள். 2023 ஜூன் 15 அன்று பிபர்ஜாய் புயல் கரையேறியது மாண்ட்விக்கு மேற்கே ஜக்காவ் துறைமுகத்தை ஒட்டித்தான். 2011-ல் கடலூரைத் தாக்கிய 'தானே' புயலைப் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். மாண்ட்வியை விட்டுக் கிளம்பும் முன்பு ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியின் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் பிரஷர் கன்னை நேராகக் காட்ட வேண்டாம், புதுத் தகடு மடங்கிவிடும். சாதாரண ஹோஸ் பைப், இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக.